இந்தியானாவில் கவுண்டி சுகாதாரத் துறை: குழந்தை வளர்க்கும் நம்மவர்களுக்காக ஒரு விமர்சனம்

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துக்குக் குடிவந்து வருடக்கணக்காகியும், கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சுகாதாரத் துறை என்று ஒன்று இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "அது இன்சூரன்ஸ் இல்லாதவங்க போற இடம்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எங்களுக்கு இன்சூரன்ஸ் உண்டு, நல்ல குழந்தை மருத்துவரும் உண்டு. அப்படியும் எங்கள் கவுண்டி அலுவலகம் எங்கள் குடும்பத்துக்குச் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். 2025 கடைசி வரைக்கும் என்றால் ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுப்பேன். இப்போது மூன்றரைதான். குறைந்துபோன அந்த ஒரு நட்சத்திரத்துக்கு அங்கே வேலை செய்பவர்கள் காரணமில்லை. யார் காரணம் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் ஈயம். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு 1978-க்கு முன்னால் கட்டியது. வீடுகளுக்கு ஈயம் கலந்த பெயிண்ட் அடிப்பதை அமெரிக்கா தடை செய்தது அந்த வருடம்தான். என் மகளின் ஒரு வயதுப் பரிசோதனையில் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள், ஈய அளவு கூடுதலாக வந்தது. விரல் நுனியில் தூசி ஒட்டியிருந்தாலும் அப்படிக் காட்டும் என்பதால் கையில் நரம்பிலிருந்து மறுபடி எடுத்தார்கள். அதிலும் 5-ஐத் தாண்டியிருந்தது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராமுக்கு மேல் போனாலே இந்தியானாவில் இப்போது கவனிக்க வேண்டிய அளவு. 2022 ஜூலைக்கு முன்னால் அந்தக் கோடு 10-இல் இருந்தது. பழைய கணக்குப்படி பார்த்தால் என் மகளுக்காக யாரும் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டிய கட்டாயம் இருந்திருக்காது. ஈயத்துக்கு "இவ்வளவு வரை பரவாயில்லை" என்ற அளவே கிடையாது. மூளை வளரும் வயதில் உள்ளே போனால் படிப்பையும் கவனத்தையும் பாதிக்கும், அந்தப் பாதிப்பைச் சரிசெய்ய மருந்தும் இல்லை.

மருத்துவர் முடிவைச் சொன்னார், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான், அவர் வீட்டுக்கு வந்து ஜன்னலைப் பார்க்க முடியாது. பரிசோதனைக் கூடத்திலிருந்து தகவல் மாநிலச் சுகாதாரத் துறை வழியாகத் தானாகவே கவுண்டிக்குப் போய்விடும். அந்த வாரமே கவுண்டி நர்ஸ் கூப்பிட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர், அவசரமே இல்லாமல் பேசினார். "உங்க மேல எந்தத் தப்பும் இல்லை, சேர்ந்து தேடிப் பார்ப்போம்" என்பதுதான் அவர் சொன்ன முதல் வாக்கியம். அந்த நேரத்தில் ஒரு தாய்க்கு அதைவிடத் தேவையான பேச்சு வேறு எது?

வீட்டுக்கு வந்தபோது சமையலறையிலிருந்து ஆரம்பித்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் தூள் இருக்கிறதா, கண் மை வைக்கிறீர்களா, குங்குமம் எங்கே வாங்கியது, பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்த்துச் சமைப்பதுண்டா என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு ஆச்சரியம். நம் வீடுகளில் என்னென்ன இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மஞ்சளுக்கு நல்ல நிறம் வர வேண்டும் என்று ஈயக் குரோமேட்டைக் கலக்கும் வழக்கம் தெற்காசியாவில் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்று. வட கரோலினாவில் 2023-இல் சில குழந்தைகளுக்கு ஈயம் ஏறியதற்குக் காரணம் தேடிய சுகாதாரத் துறைக்காரர்கள் கடைசியில் இலவங்கப்பட்டை சேர்த்த ஆப்பிள் கூழ்ப் பாக்கெட்டில் போய் நின்றார்கள். நாடு முழுக்க அந்தப் பாக்கெட்டுகளைத் திரும்பப் பெற்றதற்கு ஆரம்பம், இப்படி வீட்டுக்கு வந்து கேள்வி கேட்ட ஆட்கள்தான்.

எங்கள் வீட்டில் மஞ்சளும் குங்குமமும் தப்பித்தன. பிடிபட்டது ஜன்னல். அவரோடு வந்த இன்னொரு ஊழியர் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைச் சுவரிலும் கதவிலும் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். வரவேற்பறை ஜன்னலின் கீழ்க் குழியில் வைத்ததும் எண் எகிறியது. பழைய மேலேற்றும் ஜன்னல் அது. திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் மரத்தோடு மரம் உரசி, அடியில் இருக்கும் பழைய பெயிண்ட் மாவு மாதிரி உதிர்கிறது. மகள் நிற்கப் பழகியது அந்தத் திண்டைப் பிடித்துத்தான். வெளியே அணில் பார்த்துக்கொண்டு, அதில் வாயை வைத்துக்கொண்டு நிற்பாள்.

அன்றைக்கே செய்யக்கூடியதை எழுதிக் கொடுத்தார்: உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவே கூடாது, தூசி பறந்து இன்னும் பரவும், ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியைத் தூக்கிப் போட வேண்டும், அந்த ஜன்னலைத் திறக்கக் கூடாது, சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் முன் குழந்தையின் கையைக் கழுவ வேண்டும், இரும்பும் கால்சியமும் நிறைய இருக்கிற சாப்பாடு கொடுத்தால் உடம்பு ஈயத்தைக் குறைவாகத்தான் எடுத்துக்கொள்ளும். கேழ்வரகுக் கூழ் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அதன் சத்து விவரத்தைத் தேடிப் பார்த்துவிட்டு "இது ரொம்ப நல்லது, விடாதீங்க" என்றார். பிறகு ஜன்னலை மாற்றுவதற்கு உரிமம் உள்ள வேலையாட்களின் பட்டியல் அனுப்பினார், ஒவ்வொரு மறுபரிசோதனைக்கு முன்னாலும் ஞாபகப்படுத்தினார். அளவு படிப்படியாக இறங்கி 3.5-க்குக் கீழே வந்த அன்று என்னைவிட அவர் குரலில்தான் சந்தோஷம் அதிகம். இதற்கெல்லாம் எங்களிடம் ஒரு டாலர்கூட வாங்கவில்லை.

இரண்டாவது, தடுப்பூசி. இந்தியாவிலிருந்து பிள்ளைகளோடு வருகிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

திருச்சியிலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்த குடும்பத்தோடு நான் துணைக்குப் போயிருந்தேன். பையனைக் கிண்டர்கார்டனில் சேர்க்க வேண்டும். தடுப்பூசி அட்டையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, ஆனாலும் பள்ளி ஏற்கவில்லை. நர்ஸ் பொறுமையாக விளக்கினார். நம் ஊரில் தட்டம்மைக்கு முதல் ஊசி 9 மாதத்தில் போடுகிறார்கள். இங்கே முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டது கணக்கில் வராது, அதற்குப் பிறகு இரண்டு வேண்டும். போலியோ சொட்டு மருந்தில் 2016 ஏப்ரலுக்குப் பிறகு கொடுத்ததை இங்கே ஏற்பதில்லை. மூன்று வகைக் கிருமிக்கும் சேர்த்துக் கொடுத்துவந்த மருந்து அப்போது உலகம் முழுக்க இரண்டு வகைக்கு மாறியது, அதுதான் காரணம். அப்புறம் சின்னம்மையும் ஹெபடைட்டிஸ் ஏ-யும். இரண்டிலும் இரண்டிரண்டு டோஸ் இந்தியானா பள்ளிகளில் கட்டாயம். நம் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இவை கிடையாது, தனியாரிடம் போட்டிருந்தால்தான் உண்டு.

அந்த நர்ஸ் அட்டையில் இன்னொன்றும் கவனித்தார். 05/08 என்று எழுதியிருப்பது ஆகஸ்ட் 5, மே 8 இல்லை. மாநிலத்தின் தடுப்பூசிப் பதிவேட்டில் ஏற்றும்போது தேதி மாறிப்போனால் இரண்டு டோஸுக்கு நடுவில் இடைவெளி போதாது என்று கணினி தள்ளிவிடும், பையனுக்கு வீணாக இன்னொரு ஊசி. ஒவ்வொரு தேதியையும் அம்மாவிடம் வாயால் கேட்டு உறுதி செய்துகொண்டார். மாத்திரைக் கடையில் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். ஊசி எங்கும் கிடைக்கும். வெளிநாட்டு அட்டையை வரி வரியாகப் படிக்கத் தெரிந்த ஆள் எங்கும் கிடைக்க மாட்டார்.

புது வேலையில் இன்சூரன்ஸ் இன்னும் ஆரம்பிக்காத குடும்பம் அது. 19 வயதுக்கு உட்பட்ட, இன்சூரன்ஸ் இல்லாத பிள்ளைகளுக்குத் தடுப்பூசியை மத்திய அரசு இலவசமாகத் தருகிறது. 1989 முதல் 1991 வரை நாடெங்கும் தட்டம்மை பரவியதற்குப் பிறகு, 1994-இல் தொடங்கிய திட்டம். ஆனால் இந்தத் திட்டத்தில் மத்திய அரசு தருவது மருந்தைத்தான். அதைக் குளிரில் வைக்கும் பெட்டிக்கும், ஊசி போடும் நர்ஸுக்கும், பதிவேட்டில் ஏற்றும் ஆளுக்கும் உள்ளூர்ப் பணமும் வேண்டும்.

மூன்றாவது, காசநோய். என் கணவரின் தம்பி இங்கே படிக்க வந்தான். பல்கலைக்கழகம் கேட்ட ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ். "அண்ணி, வீட்ல சொல்லிடாதீங்க" என்று பயந்துபோய் கூப்பிட்டான். எக்ஸ்ரே எடுத்ததில் நுரையீரல் சுத்தம். கிருமி உள்ளே தூங்குகிறது, நோய் இல்லை, அவனால் யாருக்கும் பரவாது. இந்தியாவில் வளர்ந்தவர்களில் இது சாதாரணமாகக் காணப்படுவதுதான், வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் பின்னால் எழுந்துவிடாமல் இருக்க மருந்து சாப்பிட்டு முடிப்பது நல்லது. நான்கு மாதம் ரிஃபாம்பின், கவுண்டியே இலவசமாகக் கொடுத்தது. சிறுநீரும் கண்ணீரும்கூட ஆரஞ்சு நிறமாகும், பயப்படாதே என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். மாதாமாதம் கூப்பிட்டு வாந்தி உண்டா, கண் மஞ்சளாக இருக்கிறதா என்று விசாரித்தார். தனியாக இருக்கிற பையன் நான்கு மாத மருந்தை நடுவில் விடாமல் முடித்தது அந்த அழைப்புகளால்தான்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அத்தை ஊரிலிருந்து வந்திருந்தபோது நூலகத்தில் கவுண்டி நடத்திய முகாமில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டார், அடையாள அட்டைகூடக் கேட்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் நகல் அதே கட்டிடத்தில் உடனே கிடைக்கும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் போனில் இணைப்பார்கள். அத்தைக்காகக் கேட்டேன், தெளிவாகத் தமிழ் பேசும் ஒருவர் வந்தார்.

குறைகளும் உண்டு. போன் எடுக்கவே மாட்டார்கள், குரல் செய்தி விட்டால் மறுநாள்தான் பதில். மதியம் ஒரு மணி நேரம் கவுன்டரை மூடிவிடுவார்கள், அது வாசலில் மட்டும்தான் எழுதியிருக்கிறது. இணையதளத்தில் இருக்கும் படிவத்தை நிரப்பிக்கொண்டு போனால் அங்கே வேறொரு படிவம் கொடுத்து மறுபடி எழுதச் சொல்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குப் பகல் நேரம் ஒத்துவராது. சனிக்கிழமைத் தடுப்பூசி முகாம் அதைச் சரிசெய்துகொண்டிருந்தது. இப்போது அது இல்லை.

ஏன் இல்லை என்பதற்குப் பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈயத்துக்காக வந்த நர்ஸிடம், இவ்வளவு நேரம் எங்களுக்காக ஒதுக்க முடிகிறதே என்று கேட்டேன். "போன வருஷம் வரைக்கும் முடியாது. இந்த வேலையே ஹெல்த் ஃபர்ஸ்ட் பணத்துல வந்தது" என்றார். அதற்குப் பிறகுதான் நான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கொரோனாவில் அடிபட்டபின், 2021-இல் ஆளுநர் எரிக் ஹோல்கோம்ப் பொதுச் சுகாதாரத்தை ஆராய ஓர் ஆணையம் அமைத்தார். முன்னாள் மாநில செனட்டர் லூக் கென்லியும் டாக்டர் ஜூடி மன்ரோவும் அதன் இணைத் தலைவர்கள். 2022-இல் அவர்கள் தந்த அறிக்கையில் ஓர் ஒப்பீடு: பொதுச் சுகாதாரத்துக்குத் தலைக்கு நாட்டின் சராசரி 91 டாலர், இந்தியானாவில் 55. உள்ளூர்ச் சுகாதாரத் துறைகள் அனைத்துக்குமாகச் சேர்த்து மாநிலம் வருடத்துக்குக் கொடுத்துவந்தது 69 லட்சம் டாலர். இந்தியானாவின் மக்கள்தொகையும் கிட்டத்தட்ட அதே எண்தான். ஆக ஆளுக்கு ஒரு டாலர்.

2023-இல் சட்டமன்றம் அதை மாற்றியது. ஹெல்த் ஃபர்ஸ்ட் இந்தியானா என்று பெயர். 2024-க்கு 7.5 கோடி டாலர், 2025-க்கு 15 கோடி. சேர்வதும் சேராததும் கவுண்டியின் விருப்பம். முதல் வருடம் 92-இல் 86 கவுண்டிகள் சேர்ந்தன, அடுத்த வருடம் எல்லாமே சேர்ந்தன. அந்தப் பணத்தில் குறைந்தது 60 சதவீதத்தை நோய்த்தடுப்புப் பணிகளுக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த விதிதான். இல்லாவிட்டால் உணவக ஆய்வு, கழிவுநீர் அனுமதி போன்ற அன்றாட அலுவல் வேலைகளே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஈயம், காசநோய், தடுப்பூசி, புகைபிடித்தல், கர்ப்பிணிகள், பள்ளிப் பிள்ளைகள் என்று எந்தெந்த வேலைக்கு என்றும் வரையறுத்து, கவுண்டி வாரியாக என்ன நடந்தது என்பதைப் பொதுவில் காட்டவும் செய்தார்கள்.

2025 ஏப்ரலில் வந்த வருவாய்க் கணிப்பு மோசமாக இருந்தது, இரண்டு வருடத்தில் சுமார் 200 கோடி டாலர் துண்டு விழும் என்றார்கள். பட்ஜெட்டில் இந்த நிதியை வருடத்துக்கு 4 கோடியாகக் குறைத்தார்கள். தலைக்கு ஏறக்குறைய 22 டாலராக இருந்தது 6 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. அதே வருடம் வந்த சொத்துவரிக் குறைப்புச் சட்டத்தால் கவுண்டிகளின் வருமானமும் குறைகிறது, மாநிலம் விட்ட இடத்தைக் கவுண்டி நிரப்ப வழியில்லை. கஜானா காலியாகும்போது எங்கேயோ வெட்டத்தான் வேண்டும், அது எனக்கும் புரிகிறது. ஆனால் ஆட்களை வேலைக்கு எடுத்து, பயிற்சி கொடுத்து, வேலை நடக்க ஆரம்பித்த இரண்டாம் வருடத்திலேயே நான்கில் மூன்று பங்கு போல வெட்டினால், முன்பு செலவழித்ததும் சேர்ந்து வீணாகிறது. ஈய நர்ஸ் ஆவதற்குப் படிப்பு மட்டும் போதாது, இந்தக் கவுண்டியில் எந்தத் தெருவில் எந்தக் காலத்து வீடு என்று தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தவரை அனுப்பிவிட்டு நான்கு வருடம் கழித்து விளம்பரம் கொடுத்தால் திரும்பி வருவாரா?

இதே மாநிலத்தில் ஸ்காட் கவுண்டி இருக்கிறது. அங்கே எச்ஐவி பரிசோதனை செய்துவந்த ஒரே கிளினிக் 2013-இல் மூடப்பட்டது. வருடத்துக்கு ஐந்து பேருக்குக்கூடப் புதிதாக எச்ஐவி வராத இடம் அது. 2014 கடைசியிலிருந்து, சுமார் 4,200 பேர் வசிக்கும் ஆஸ்டின் என்ற சிற்றூரில், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டவர்களிடையே கிருமி பரவியது. 2015 மார்ச்சில் அவசரநிலை அறிவித்து, ஊசி மாற்றித் தரும் திட்டத்தை அனுமதித்து, மத்திய அரசின் ஆட்கள் வந்து இறங்கி, எல்லாம் அடங்குவதற்குள் 200-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆயுள் முழுக்க மருந்து வேண்டும். பரிசோதனை செய்ய ஓர் அறையும் ஒரு நர்ஸும் இருந்திருந்தால் முதல் சில பேரிலேயே தெரிந்திருக்கும். பட்ஜெட்டைப் பற்றி யார் பேசினாலும் நான் இந்த ஊரைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது என்ன நிலை? சனிக்கிழமை முகாம் நின்றது. நூலக முகாம் நின்றது. எங்கள் நர்ஸ் ஈயத்தோடு காசநோயையும் சேர்த்துப் பார்க்கிறார். வீட்டுக்கு வருவதில் அளவு அதிகமாக உள்ள குழந்தைகளுக்கே முதலிடம், மற்றவர்களுக்குப் போனில் ஆலோசனை. என் மகளின் அளவுள்ள குழந்தைக்கு இன்று அந்தத் துப்பாக்கிக் கருவி வருமா என்று கேட்டேன். "காத்திருக்க வேண்டியிருக்கும்" என்றார். காத்திருக்கும் நாளெல்லாம் குழந்தை ஜன்னலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும்.

நம்மில் நிறைய பேருக்கு இங்கே ஓட்டு இல்லை. ஆனால் கவுண்டி கவுன்சிலின் பட்ஜெட் கூட்டத்தில் பேச ஓட்டுரிமை தேவையில்லை, அங்கே வசித்தால் போதும். இலையுதிர் காலத்தில் நடக்கும், தேதியைக் கவுண்டி இணையதளத்தில் போடுவார்கள். நான் போய் ஜன்னல் கதையைச் சொன்னேன், ஸ்காட் கவுண்டியையும் சொன்னேன். கவுன்சில் உறுப்பினர் ஒருவர் வெளியே வந்து, இப்படிப்பட்ட வேலை நடப்பது தனக்கே தெரியாது என்றார். ஆகவே பயன்படுத்தியவர்கள் போய்ச் சொல்லுங்கள். மாநிலச் சட்டமன்றத்தில் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு மின்னஞ்சலும் அனுப்புங்கள், 2027-இல் அடுத்த பட்ஜெட் எழுதும்போது இந்த எண் மறுபடி பேசப்படும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தடுப்பூசி அட்டையின் அசலையே எடுத்துச் செல்லுங்கள், போனில் எடுத்த படத்தில் பழைய மை தெரிவதில்லை. குழந்தைக்கு ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் ஈயப் பரிசோதனையை மருத்துவர் சொல்லாவிட்டாலும் கேட்டு வாங்குங்கள். வாடகை வீடானாலும் எந்த வருடம் கட்டியது என்று விசாரியுங்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் பள்ளி திறக்கும் நேரம் கூட்டம் தாங்காது, இப்போது ஆட்களும் குறைவு. அதனால் ஜூனிலேயே அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுங்கள், காலை நேரமாகக் கேளுங்கள்.